காலுக்குச் சொன்னால் மூளைக்குக் கேட்கும்

3826. சிங்கப்பூரில் நான்கு இலக்கத்தில் இப்படி ஓர் எண்ணைக் கண்டால், நேரே ஃபோர்-டி (4D) லாட்டரிக் கடைக்குப் போய் வரிசையில் நிற்கிறவர்கள் உண்டு. இந்த எண் குலுக்கலில் விழுந்ததல்ல. பிரிட்டனில் 78,430 பேரின் மணிக்கட்டில் கட்டிய கருவிகள் தந்த எண் இது. 40 முதல் 79 வயது வரை இருந்த அவர்கள் நாளுக்கு எத்தனை அடி எடுத்து வைத்து நடக்கிறார்கள் என்று அந்தக் கருவிகள் கணக்கெடுத்தன. பிறகு ஏறத்தாழ ஏழு ஆண்டுகள், அவர்களில் யார் யாருக்கு முதுமை மறதி நோய் வருகிறது என்று ஆய்வாளர்கள் கவனித்தார்கள். நாளுக்கு 3,826 அடி நடந்தவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு கால்வாசி குறைந்திருந்தது. 9,826 அடி நடந்தவர்களுக்குப் பாதியாகக் குறைந்திருந்தது. 2022ல் ‘ஜாமா நியூராலஜி’ இதழில் வந்த ஆய்வு இது.

3,826 அடி என்றால் ஏறக்குறைய இரண்டரைக் கிலோமீட்டர். புக்கிட் பாஞ்சாங்கில் குடியிருப்பவருக்கு இது பெரிய தூரமே இல்லை. பெட்டிர், பெண்டிங், பங்கிட், ஃபஜார், செகார், ஜெலாப்பாங், செஞ்சா என்று பேட்டையை வளைத்து ஓடும் இலகு ரயிலில் நிலையத்துக்கு நிலையம் சில நூறு மீட்டர்தான். 1999 நவம்பர் 6ஆம் தேதி ஓடத் தொடங்கிய இந்தத் தடம்தான் சிங்கப்பூரின் முதல் இலகு ரயில். அது வந்த பிறகு, ஒரு நிலையத் தூரத்துக்கும் அட்டையைத் தட்டி ஏறிவிடும் பழக்கம் பலருக்கு வந்துவிட்டது. அப்படி ஏறாமல் நடந்தால் இதயத்துக்கு நல்லது என்று எல்லாருக்கும் தெரியும். மூளைக்கும் நல்லது என்கிறார்களே, அது எப்படி? எந்த அளவுக்கு உண்மை?

உடம்புக்குள் என்ன நடக்கிறது?

மூளையின் எடை உடல் எடையில் 2 விழுக்காடுதான். ஆனால் நாம் சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் உடல் செலவிடும் ஆற்றலில் 20 விழுக்காட்டை அது எடுத்துக்கொள்கிறது. சேமித்து வைத்துக்கொள்ள அதற்குப் பெரிய கிடங்கும் கிடையாது. நொடிக்கு நொடி ரத்தம் வந்தாக வேண்டும். அதனால் ரத்தக் குழாய்களுக்கு வரும் எந்தக் கேடும் முதலில் மூளையைத் தொடும்.

வேகமாக நடக்கத் தொடங்கியதும் இதயத் துடிப்பு ஏறுகிறது, ரத்த ஓட்டம் கூடுகிறது. குழாய்ச் சுவரில் ரத்தம் உரசிச் செல்லும்போது அந்தச் சுவரின் உள்தோல் நைட்ரிக் ஆக்சைடை வெளிவிடுகிறது, குழாய் விரிகிறது. இது வாரத்தில் பல நாள் நடந்தால் குழாய்கள் நெகிழ்வோடு இருக்கின்றன. உட்கார்ந்தே இருப்பவருக்கு வயது ஏற ஏற அவை, தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் பழைய ரப்பர் குழாய்போல இறுகிப்போகின்றன. இறுகிய குழாயில் ஒவ்வொரு துடிப்பின் அடியும் தணியாமல் போய் மூளைக்குள் இருக்கும் மெல்லிய நாளங்களில் மோதுகிறது. அவை மெல்ல மெல்லச் சிதைகின்றன. எம்ஆர்ஐ படத்தில் வெள்ளைத் திட்டுகளாகத் தெரிவதில் பெரும்பகுதி இந்தச் சேதம்தான்.

இது ரத்தக் குழாயின் கதை. தசைக்கும் ஒரு பங்கு உண்டு. சுருங்கி விரியும் தசை, ரத்தத்தில் பல வேதிப்பொருள்களைக் கலந்துவிடுகிறது. லேக்டிக் அமிலத்திலிருந்து வரும் லேக்டேட்டை ஒரு காலத்தில் உடற்பயிற்சியின் கழிவு என்று பாடப்புத்தகங்கள் ஒதுக்கின. இன்று அது மூளை எரித்துப் பயன்படுத்தும் எரிபொருள்களில் ஒன்று என்று தெரிகிறது. கல்லீரலும் சும்மா இருப்பதில்லை. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் ஃபிரான்சிஸ்கோ வளாக ஆய்வாளர்கள் 2020ல் ஒரு சோதனை செய்தார்கள். சக்கரத்தில் ஓடிய எலிகளின் ரத்த நீரை எடுத்து, ஓடாமல் கிடந்த கிழட்டு எலிகளுக்கு ஏற்றினார்கள். ஓடாத எலிகளின் நினைவாற்றல் தேறியது. அதற்கு ஒரு காரணமாக அவர்கள் கண்டது, உடற்பயிற்சியின்போது கல்லீரல் சுரக்கும் ஒரு நொதி.

எல்லாவற்றையும்விட அதிகம் பேசப்படுவது பிடிஎன்எஃப் என்ற புரதம். யீவ்-அலன் பார்டும் ஹான்ஸ் தோயினனும் 1982ல் பன்றியின் மூளையிலிருந்து பிரித்தெடுத்தது. நரம்பணுக்கள் சாகாமல் இருக்கவும், ஒன்றோடொன்று புதிய இணைப்புகள் போடவும் இது உதவுகிறது. சக்கரத்தில் ஓடும் எலிகளின் மூளையில், குறிப்பாக நினைவுகள் பதியும் இடமான ஹிப்போகாம்பஸில், இந்தப் புரதம் உருவாவது கூடுகிறது என்று 1995ல் கார்ல் காட்மன் குழு காட்டியது. நான்கு ஆண்டு கழித்து சால்க் ஆய்வு நிலையத்தில், ஓடும் எலிகளின் ஹிப்போகாம்பஸில் புதிய நரம்பணுக்களே அதிகம் பிறப்பதைக் கண்டார்கள். மனிதர்களுக்கு வளர்ந்த பிறகு இப்படிப் புது அணுக்கள் பிறக்கின்றனவா என்பதில் இன்னும் சண்டை ஓயவில்லை. 2018ல் ஒரு குழு இல்லை என்றது; அதே ஆண்டு இன்னொரு குழு உண்டு என்றது.

மனிதர்களில் நடந்த சோதனைகளில் பேர்போனது 2011ல் கிர்க் எரிக்சனும் ஆர்தர் கிரேமரும் வெளியிட்டது. 55 முதல் 80 வயதுக்குள் இருந்த 120 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதி வாரம் மூன்று நாள், நாளுக்கு 40 நிமிடம் நடந்தது. மறுபாதி கை கால்களை நீட்டி மடக்கும் பயிற்சி மட்டும் செய்தது. ஓர் ஆண்டு முடிந்தபோது நடந்தவர்களின் ஹிப்போகாம்பஸ் 2 விழுக்காடு பெருத்திருந்தது, மற்றவர்களுக்கு 1.4 விழுக்காடு சுருங்கியிருந்தது. அந்த வயதில் ஆண்டுக்கு ஒன்றிரண்டு விழுக்காடு சுருங்குவதே இயல்பு என்பதால் உலகமே இந்தச் செய்தியைக் கொண்டாடியது. கொண்டாட்டத்தில் ஒரு வரி அடிபட்டுப்போயிற்று: நினைவாற்றல் தேர்வில் இரண்டு குழுவுமே தேறியிருந்தன, நடந்தவர்கள் தனித்து முந்திவிடவில்லை.

நடப்பதே ஒரு மூளை வேலை

காலையில் ஃபஜார் பக்கம் கூரை போட்ட நடைபாதையில் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். ஈரச்சந்தைக்குப் போகும் பாட்டியும், பள்ளி விடுமுறையில் கூட வரும் பேத்தியும். ‘பாட்டி, இன்னிக்கு என்ன மீன் வாங்கப் போறீங்க?’ என்கிறாள் பேத்தி. பாட்டி நின்றுவிடுகிறார். யோசிக்கிறார். ‘குருப்பாரு வெல கேட்டுப் பாப்போம்மா’ என்று சொல்லி முடித்த பிறகுதான் கால் நகர்கிறது. அடுத்த கேள்வி, மறுபடி நிற்கிறார். களைப்பு என்று பேத்தி நினைக்கிறாள்.

ஸ்வீடனில் இதையே ஆய்வாக்கினார்கள். முதியோர் குடியிருப்பு ஒன்றில் 58 பேரோடு நடந்துகொண்டே பேச்சுக் கொடுத்தார்கள். 12 பேர் பதில் சொல்ல நின்றார்கள். அடுத்த ஆறு மாதத்தில் அந்த 12 பேரில் 10 பேர் கீழே விழுந்தார்கள். 1997ல் ‘லான்செட்’ வெளியிட்ட இந்தச் சிறிய ஆய்வு சொன்ன சேதி பெரிது. காலை எடுத்து வைப்பதற்கும், தரையைக் கவனிப்பதற்கும், சமநிலைக்கும் மூளை தன் கவனத்தைப் பங்கு போடுகிறது. பங்கு போதாதபோது ஒன்றை நிறுத்திவிட்டுத்தான் மற்றதைச் செய்ய முடிகிறது. நியூயார்க்கின் ஆல்பர்ட் ஐன்ஸ்டைன் மருத்துவக் கல்லூரியில் ஜோ வர்கீஸ் இந்த வழியில் மேலும் போனார். நடை மந்தமாகி, மறதி பற்றிய புகாரும் சேர்ந்தால் அது பின்னால் வரக்கூடிய நோயின் முன்னறிகுறி என்று காட்டினார். கேரளத்தின் கோழிக்கோட்டிலும் அவர் குழு இதை ஆராய்ந்திருக்கிறது.

அதே வர்கீஸ் 2003ல் வெளியிட்ட இன்னோர் ஆய்வு, 75 வயது தாண்டிய 469 பேரின் பொழுதுபோக்குகளைப் பார்த்தது. உடலை அசைக்கும் பொழுதுபோக்குகளில், முதுமை மறதி நோய் குறைவதோடு தொடர்புடையதாகத் தெரிந்தது ஒன்றே ஒன்று: நடனம். அடுத்த அடி எது என்று நினைவு வைக்க வேண்டும், தாளம் பிசகக் கூடாது, பக்கத்தில் ஆடுபவர் மேல் இடிக்கக் கூடாது. சமூக மன்றங்களில் லைன் டான்ஸ் ஆடும் அக்காமார்களுக்கு வியர்ப்பதோடு மூளைக்கும் வேலை கிடைக்கிறது. நம் கும்மிக்கும் கோலாட்டத்துக்கும் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தும்.

சந்தேகக் கேள்வி

நடப்பதால் மூளை நன்றாக இருக்கிறதா, மூளை நன்றாக இருப்பவர்கள்தான் நடக்கிறார்களா? பிரிட்டனின் அடி எண்ணும் ஆய்வைப் பார்த்ததும் கேட்க வேண்டிய கேள்வி இது. லண்டன் அரசு ஊழியர்கள் 10,308 பேரை 1985 முதல் பின்தொடர்ந்த ஒயிட்ஹால் ஆய்வு 2017ல் சங்கடமான விடை சொன்னது. நோய் உறுதியாவதற்கு ஒன்பது ஆண்டுகள் முன்பிருந்தே மனிதர்களின் நடமாட்டம் குறையத் தொடங்குகிறது. அதாவது, நடை குறைந்ததால் நோய் வந்ததுபோல் தோன்றுவதில் ஒரு பகுதி, நோய் ஓசையில்லாமல் வந்துவிட்டதால் நடை குறைந்ததுதான்.

வந்துவிட்ட நோயை உடற்பயிற்சி பிடித்து நிறுத்துமா? பிரிட்டனில் 494 நோயாளிகளை வைத்து 2018ல் சோதித்தார்கள். சில மாதக் கடும் பயிற்சியில் உடல் தெம்பு கூடியது. அறிவுத்திறன் சரிவது மட்டுப்படவில்லை. அமெரிக்காவில் எழுபதைத் தாண்டிய, அதிகம் நடமாடாத 1,635 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு இரண்டு ஆண்டு பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். உடற்பயிற்சி செய்யாத குழுவுக்கும் அவர்களுக்கும் மொத்தத்தில் வித்தியாசம் இல்லை. முதுமை மறதி நோய்க்கு வழிவிடும், நாம் மாற்றக்கூடிய 14 காரணங்களை லான்செட் ஆணையம் 2024ல் பட்டியலிட்டது. எல்லாம் சேர்ந்து 45 விழுக்காடு நோய்க்குக் காரணம். அதில் உடலுழைப்பின்மையின் தனிப்பங்கு 2 விழுக்காடுதான்.

அப்படியென்றால் நடையெல்லாம் வீணா? அந்தப் பட்டியலை மறுபடி படித்தால் விடை அதிலேயே இருக்கிறது. உயர் ரத்த அழுத்தம், நீரிழிவு, கெட்ட கொழுப்பு, உடல் பருமன், மனச்சோர்வு, தனிமை எல்லாம் அதில் தனித்தனி வரிகள். நடை இவை ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சம் கை வைக்கிறது. ரத்த அழுத்தத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். மேல் அளவை 120க்குக் கீழ் வைத்திருந்தவர்களுக்கு, 140க்குக் கீழ் வைத்திருந்தவர்களைவிட லேசான அறிவுத்திறன் குறைபாடு 19 விழுக்காடு குறைவாக வந்தது என்று அமெரிக்காவின் ஸ்பிரின்ட் மைண்ட் சோதனை 2019ல் காட்டியது. அது மருந்தால் செய்த சோதனை. ஆனால் அதே திசையில் அழுத்தத்தை இறக்கும் வேலையை நடையும் செய்கிறது.

ஆகவே ஆய்வாளர்கள் இப்போது உடற்பயிற்சியைத் தனியாக நிறுத்திச் சோதிப்பதைவிட, மற்ற மாற்றங்களோடு சேர்த்துச் சோதிக்கிறார்கள். ஃபின்லாந்தில் மியா கிவிபெல்டோ நடத்திய ஃபிங்கர் ஆய்வு 1,260 பேரில் பாதிப் பேருக்கு உணவு, உடற்பயிற்சி, மூளைப் பயிற்சி, ரத்த அழுத்த - சர்க்கரைக் கண்காணிப்பு நான்கையும் சேர்த்துக் கொடுத்தது. இரண்டு ஆண்டில் அவர்களின் அறிவுத்திறன் மற்றவர்களைவிடக் கூடுதலாக மேம்பட்டது. 2025ல் அமெரிக்காவில் 2,111 பேரை வைத்து நடந்த சோதனையும், ஒழுங்கு செய்து கூடவே நின்று நடத்திய குழுவே முந்தியது என்றது. அதே அச்சில்தான் சிங்கப்பூரிலும் சிங்கர் என்ற ஆய்வு தொடங்கப்பட்டது.

நமக்கு ஏன் இது கூடுதல் அக்கறை?

சிங்கப்பூர் மனநலக் கழகம் 2013ல் எடுத்த கணக்கில், 60 வயது தாண்டியோரில் பத்தில் ஒருவருக்கு முதுமை மறதி நோய் இருந்தது. பத்து ஆண்டு கழித்து மறுபடி எடுத்தபோது அது 8.8 விழுக்காடு. கல்வி கூடியது, நாள்பட்ட நோய்களை முன்பைவிட நன்றாகக் கட்டுப்படுத்துவது ஆகியவை இந்த இறக்கத்துக்குக் காரணமாகச் சொல்லப்படுகின்றன. விழுக்காடு இறங்கினாலும் மூத்தோர் தொகை ஏறுவதால் நோயாளிகளின் எண்ணிக்கை இறங்கப்போவதில்லை. 2030க்குள் சிங்கப்பூரர்களில் நால்வரில் ஒருவர் 65 வயதைத் தாண்டியிருப்பார்.

ஆசியர்களின் மூளையில் மெல்லிய நாளங்களின் சேதம் பெரும்பங்கு வகிப்பதை சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறார்கள். சீனர், மலாய்க்காரர், இந்தியர் என்று மூன்று இனத்து மூத்தோரையும் எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்தவர்கள் அவர்கள். இதோடு இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள். சீனர்களைவிட இந்தியர்களுக்கு நீரிழிவு அதிகம். கூடுதல் சர்க்கரை தாக்குவது முதலில் மெல்லிய நாளங்களைத்தான்: கண்ணில், சிறுநீரகத்தில், பாதத்தில், மூளையில். சாப்பிட்டதும் நடந்தால் தசை அந்தச் சர்க்கரையை நேரடியாக உறிஞ்சிக்கொள்கிறது. இன்சுலினுக்கும் பளு குறைகிறது. காலையில் இரண்டு பரோட்டாவும் தே தாரிக்கும் உள்ளே போன பிறகு இலகு ரயிலை விட்டுவிட்டு நடக்கும் பதினைந்து நிமிடத்துக்கு, நம்மவர்கள் உடம்பில் கூடுதல் மதிப்பு.

எவ்வளவு, எங்கே?

வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் நடுத்தர வேகப் பயிற்சி, அதோடு தசையை வலுவாக்கும் பயிற்சி. மூத்தோருக்குச் சமநிலைப் பயிற்சியும் உண்டு. சுகாதார மேம்பாட்டு வாரியத்தின் பரிந்துரையின் சாரம் இது. நடுத்தர வேகம் என்றால் என்ன? நடந்துகொண்டே பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. பிரிட்டன் ஆய்வில் அடிகளின் எண்ணிக்கையோடு வேகமும் கணக்கில் வந்தது. நாளின் சிறந்த 30 நிமிடங்களில் நிமிடத்துக்கு 112 அடி வைத்தவர்களுக்குப் பலன் இன்னும் கூடுதலாகத் தெரிந்தது. இதற்குக் கருவி வேண்டாம். பத்து விநாடி எண்ணிப் பார்த்தால் 18, 19 அடி வர வேண்டும்.

இடத்துக்குப் பஞ்சம் இல்லை. பாங் சுவா கால்வாயை ஒட்டிய பூங்கா இணைப்புப் பாதை தட்டையானது; புதிதாகத் தொடங்குபவருக்கும் மூட்டு வலிக்காரருக்கும் அது ஏற்றது. விரைவுச்சாலையை ஒட்டி நீளும் செங்குவா பூங்காவில் ஏற்ற இறக்கம் உண்டு, மரநிழலும் உண்டு. மலாயா ரயில் 2011 ஜூன் 30ஆம் தேதியோடு ஓட்டத்தை நிறுத்திய பழைய தண்டவாளப் பாதை, இன்று 24 கிலோமீட்டர் நடைவழியாகப் பேட்டையின் ஓரமாகவே போகிறது. தெம்புள்ளவர்களுக்கு 163 மீட்டர் உயரப் புக்கிட் தீமா குன்று பக்கத்தில். முழங்கால் சுத்தமாக ஒத்துழைக்காதவர்களுக்கு செஞ்சா-கேஷு சமூக மன்றத்தின் நீச்சல் குளம். மழை பெய்தால் இருக்கவே இருக்கின்றன புளோக்கின் மாடிப்படிகள்: இரண்டு மாடிக்கு மின்தூக்கியை மறந்தால் தொடைத் தசைக்கு அதைவிட மலிவான பயிற்சி இல்லை. இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்கள், நெஞ்சுவலி வந்தவர்கள், அடிக்கடி தடுமாறி விழுபவர்கள் முதலில் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தொடங்க வேண்டும்.

வயது விஷயத்தில்தான் நாம் பெரும்பாலும் கோட்டை விடுகிறோம். மூளையில் இந்த நோயின் மாற்றங்கள் மறதி தெரிவதற்கு 15, 20 ஆண்டுகள் முன்பே தொடங்கிவிடுகின்றன. எழுபதில் பயிற்சி தொடங்கியவர்களிடம் சோதனைகள் பெரிய மாற்றம் காட்டாததற்கு ஒரு காரணம் இதுவாக இருக்கலாம். எழுபதிலும் நடை பயன் தரும். விழாமல் இருக்க, பிறர் கையை எதிர்பார்க்காமல் இருக்க அது வேண்டும். ஆனால் மூளையின் நாளங்களைக் காப்பாற்றும் பெரிய வாய்ப்பு நாற்பதுகளிலும் ஐம்பதுகளிலும் இருக்கிறது. 2023 ஜூலையில் தொடங்கிய ஹெல்தியர் எஸ்ஜி திட்டத்தில் 40 வயதிலேயே ஒரு குடும்ப மருத்துவரிடம் பதிந்துகொண்டு, ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் கொழுப்பையும் பார்த்து நடைக்கும் ஒரு திட்டம் வாங்கிக்கொள்ளலாம். துடிப்பாக மூப்படையும் நிலையத்தில் அம்மாவைப் பயிற்சிக்கு இறக்கிவிட்டு, வகுப்பு முடியும்வரை காரில் கைப்பேசி பார்த்தபடி இருக்கும் 48 வயது மகனுக்கு, அம்மாவின் வகுப்பு நடக்கும் அந்த ஒரு மணி நேரமே போதும், 3,826 அடி நடந்து முடித்துவிடலாம்.